கைவிடப்பட்ட மைதானங்களில் மிஞ்சும் கலை: கேள்வி பதில்

ஒரு விளையாட்டரங்கத்தை மூடும்போது நாற்காலி, விளக்கு, கோல் கம்பம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஏலம் விடுகிறார்கள். சுவரில் இருக்கும் ஓவியமும் வாசலில் நிற்கும் சிலையும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. நான் சுவரோவியங்களையும் கான்கிரீட் சிற்பங்களையும் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். இந்த விஷயத்தில் கேள்விகள் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கைவிடப்பட்ட ஒலிம்பிக் இடங்கள் என்று தேடினாலே போஸ்னியாவிலுள்ள சரயேவோவின் பனிச்சறுக்குத் தடம்தான் முதலில் வருகிறது. காட்டுக்குள் பாம்பு மாதிரி வளைந்து போகிறது, முழுக்க வண்ணம். அது எப்படி அப்படி ஆனது?

1984 பிப்ரவரியில் சரயேவோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஒரு சோஷலிச நாட்டில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக் அதுதான். நகரத்தை ஒட்டிய ட்ரெபெவிச் மலையில், பாப்ஸ்லெட், லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டிகளுக்காக சுமார் 1,300 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் தடம் கட்டினார்கள். போட்டிகள் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் அது பயன்பாட்டில் இருந்தது. 1992-ல் போர் வந்தது. 1996 வரை நீடித்த முற்றுகையில், நகரத்தைச் சுடுவதற்கு வசதியான உயரம் என்பதால் அந்த மலையே பீரங்கி நிலையாகிவிட்டது. தடத்தின் கான்கிரீட் சுவர் தடுப்பரணாகப் பயன்பட்டது. பின்வாங்கிய படைகள் சுற்றிலும் கண்ணிவெடிகளை விட்டுப் போயின. அதனால் போர் முடிந்தும் பல ஆண்டுகள் அங்கே ஆள் நடமாட்டமே இல்லை.

ஓவியங்கள் வந்தது அதற்கப்புறம். யாரும் காசு கொடுத்து வரையச் சொல்லவில்லை. உள்ளூர் இளைஞர்கள் வரைந்தார்கள், வெளியூர்க்காரர்களும் வந்து வரைந்தார்கள். ஒருவர் வரைந்ததன் மேலேயே இன்னொருவர் வரைந்தார். ஓவியர் கண்ணோடு பார்த்தால் காரணம் உடனே புரியும். இடைவெளியே இல்லாமல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வழவழப்பான சுவர், திருப்பங்களில் ஆள் உயரத்தைத் தாண்டி வளைந்து எழுகிறது. நகரத்துக்குள் அப்படி ஒரு பரப்பு கிடைக்காது.

எனக்கு அந்த இடத்தில் பிடித்தது வேறொன்று. லூஜ் வீரர்களும் ஆர்வலர்களும் தடத்தின் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, சீராக்கி, கோடைகாலப் பயிற்சிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நகரத்திலிருந்து மலைக்குப் போகும் கேபிள் கார் போரில் அழிந்திருந்தது. 2018 ஏப்ரலில் அது மறுபடி ஓடத் தொடங்கியது. ஆக, ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லை இந்த இடத்துக்கு நான் கொஞ்சம் யோசித்துத்தான் போடுவேன். அரசாங்கம் கைவிட்டது உண்மை. ஊர்க்காரர்கள் கைவிடவில்லை.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். அனுமதி இல்லாமல் சுவரில் கிறுக்குவதைக் கலை என்று பாதுகாக்க வேண்டுமா? கட்டடத்தை வடிவமைத்தவருக்கு அது அவமானம் இல்லையா?

கோபம் எதற்கு, நல்ல கேள்விதானே. இதைப் பேச மியாமி மரைன் ஸ்டேடியத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை.

1963-ல் திறந்தது. விசைப்படகுப் பந்தயம் பார்ப்பதற்காகத் தண்ணீரை ஒட்டியே கட்டப்பட்ட அரங்கம், 6,566 இருக்கைகள். வடிவமைத்த ஹிலாரியோ கண்டேலா கியூபாவிலிருந்து வந்தவர், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். சுமார் 100 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கூரையைக் காகிதம் மடித்த மாதிரி மடித்து, பார்வையாளர்களுக்கு முன்னால் ஒரு தூண்கூட இல்லாமல் நீட்டிவிட்டார். 1992-ல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு பாதுகாப்பில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள். அதிலிருந்து பெயிண்ட் டப்பாவோடு வந்தவர்களின் ராஜ்ஜியம்தான். படிக்கட்டு, தூண், இருக்கை வரிசை என்று கைக்கு எட்டிய எல்லா இடத்திலும் வரைந்தார்கள்.

அரங்கத்தை மீட்க வேண்டும் என்ற இயக்கம் 2008 வாக்கில் சூடுபிடித்தது. அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை 2009-ல் அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அப்போதுதான் நீங்கள் கேட்ட கேள்வி அங்கேயும் எழுந்தது: வண்ணத்தைச் சுரண்டி எடுத்து 1963-ன் கான்கிரீட்டைக் காட்டுவதா, வண்ணமும் அதன் வரலாறுதான் என்று விடுவதா? கெட்டி அறக்கட்டளை 2014-ல் கொடுத்த நிதியில் நடந்த ஆய்வில் இந்தக் கிராஃபிட்டி விஷயமும் இருந்தது.

என் கருத்தைக் கேட்டால், எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் தேவையில்லை. கூரையின் அடிப்பகுதியையும் கட்டமைப்பின் கோடுகளையும் கண்டேலா நினைத்தபடியே விட வேண்டும். பின்புறச் சுவர்களில் தேர்ந்தெடுத்த சில பகுதிகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழுவதையும் தோலுரிப்பதற்கு நான் எதிர்ப்பு. பந்தயம் நடந்த காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். மூடிக் கிடந்த காலமும் கிட்டத்தட்ட அதே அளவு ஓடிவிட்டது. அந்த இரண்டாவது பாதியில் அந்த இடத்துக்கு வந்தவர்கள், அதை நேசித்தவர்கள், இந்த ஓவியர்கள்தான். அவர்களுடைய படங்கள் வெளியே பரவியதால்தான் அப்படி ஓர் அரங்கம் இருப்பதே புதிய தலைமுறைக்குத் தெரிந்தது.

கேள்வி: அரசாங்கமே காசு போட்டு வைத்த கலை என்ன ஆகிறது? அதற்காவது பாதுகாப்பு இருக்குமே?

இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மெக்சிகோ சிட்டியைப் பாருங்கள்.

1968 ஒலிம்பிக்குக்காக அங்கே ‘நட்புப் பாதை’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். நகரின் தெற்கே புதிதாகப் போட்ட நெடுஞ்சாலையில், 17 கிலோமீட்டர் தூரத்துக்கு, 19 பிரம்மாண்டமான கான்கிரீட் சிற்பங்கள். திட்டத்தை முன்னெடுத்தவர் மத்தியாஸ் கோரிட்ஸ் என்ற சிற்பி. ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராக இருந்தவரே பெத்ரோ ரமிரெஸ் வாஸ்கெஸ் என்ற கட்டடக் கலைஞர் என்பதால் கதவு எளிதாகத் திறந்தது. பல கண்டங்களிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். எல்லாமே அருவச் சிற்பங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். காரில் போகிறவர் வேகத்தில் பார்ப்பதற்கென்றே அளவு தீர்மானிக்கப்பட்டவை. மிகச் சிறியதே 5 மீட்டருக்கு மேல், பெரியது 20 மீட்டரையும் தாண்டும். இவை தவிர, அஸ்டெகா ஸ்டேடியத்தின் முன்னால் அலெக்சாண்டர் கால்டரின் ‘சிவப்புச் சூரியன்’ தனியாக நின்றது.

விழா முடிந்தது, விருந்தினர்கள் போனார்கள். அப்புறம் அந்தச் சிற்பங்கள் யாருடைய பொறுப்பு? நகர நிர்வாகமா, விளையாட்டுத் துறையா, சாலைத் துறையா? தெளிவான பதிலே இல்லை. நகரம் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்துகொண்டது. சிலவற்றின் முன்னால் கட்டடங்கள் எழுந்தன, விளம்பரப் பலகைகள் மறைத்தன. நிறம் போயிற்று, கான்கிரீட் பெயர்ந்தது. 1994-ல் ஒரு தனி அறக்கட்டளை உருவான பிறகுதான் ஒவ்வொன்றாகச் சீர் செய்யும் வேலை தொடங்கியது. அதற்குள் இன்னொரு இடி. நெடுஞ்சாலைக்கு மேலே இரண்டாம் அடுக்கு கட்டப் போகிறோம் என்றார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம் தனது 2012 கண்காணிப்புப் பட்டியலில் இந்தப் பாதையைச் சேர்த்தது. கடைசியில் பெரும்பாலான சிற்பங்களைப் பெயர்த்து, சாலைச் சந்திப்புகளின் வளைவுகளுக்கு நடுவிலுள்ள நிலத்தில் கூட்டமாக நிறுத்தினார்கள்.

சிற்பங்கள் பிழைத்தன, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட சாலை ஓட வேண்டும் என்பதுதான் அந்தப் படைப்பின் உயிர். அதை யாராலும் பெயர்த்து வைக்க முடியவில்லை. 1968-லேயே பராமரிப்புக்கு ஒரு துறையின் பெயரையும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையையும் எழுதி வைத்திருந்தால், இந்தக் கதையின் பாதி நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: எங்கள் அணி வேறு மைதானத்துக்குப் போகிறது. பழைய வாசலில் உள்ள வீரரின் சிலையையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்று ஒரு தரப்பு, அங்கேயே விட வேண்டும் என்று ஒரு தரப்பு. நீங்கள் எந்தப் பக்கம்?

சிலை எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது.

பிட்ஸ்பர்கில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரருக்கு 1955-ல் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் அருகே சிலை வைத்தார்கள். அணி அடுத்த மைதானத்துக்குப் போனது, சிலையும் போனது. அந்த மைதானத்தை 2001-ல் இடித்தார்கள், சிலை மூன்றாவது மைதானத்துக்குப் போனது. அங்கே சிலை ரசிகர்களோடு நடந்துகொண்டே இருக்கிறது. பழைய இடத்திலோ வெளிச்சுவரின் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. 1960 இறுதிப் போட்டியின் நினைவு நாளில் ரசிகர்கள் அந்தச் சுவரடியில் கூடி, பழைய வானொலி வர்ணனையைக் கேட்கிறார்கள்.

லண்டனில் வேறு மாதிரி. வெஸ்ட் ஹாம் அணி 2016-ல் தன் பழைய மைதானத்தை விட்டுப் போனது. 1966 உலகக் கோப்பையோடு பாபி மூரைத் தோளில் தூக்கும் சிலை, அந்த மைதானத்துக்குப் பக்கத்துத் தெருமுனையில் 2003 முதல் நிற்கிறது. அதை நகர்த்தும் பேச்சு வந்தது. மைதானம் இடிந்து வீடுகள் எழுந்த பிறகும் சிலை அதே முனையில் நின்றது. அந்தப் பேட்டையில் அந்த அணி இருந்தது என்பதற்கு வெளியில் தெரியும் சாட்சி வேறென்ன இருக்கிறது?

மாண்ட்ரியலில் ழான்-போல் ரியோபெல் செய்த ‘லா ஜூத்’ என்ற வெண்கலச் சிற்ப நீரூற்றுத் தொகுதி 1976 முதல் ஒலிம்பிக் பூங்காவில் இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நகரின் மையப்பகுதிக்கு மாற்றினார்கள். பூங்காவைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். விளையாட்டைப் பற்றிய படைப்பை விளையாட்டு இடத்திலிருந்து பிரிக்கிறீர்கள், ஏழைப் பேட்டையிலிருந்து பணக்காரப் பேட்டைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். புதிய இடத்தில்தான் நீரைச் சுற்றி நெருப்பு வளையமும் சேர்ந்தது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

உங்கள் விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான். அந்த மைதானத்தைச் சுற்றி இருக்கும் தெருக்காரர்களிடம் பேசினீர்களா? சிலை அணியின் சொத்து என்று மட்டும் பார்த்தால் முடிவு எளிது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: கான்கிரீட் சுவரில் உள்ள ஓவியத்தை அப்படியே பெயர்த்து எடுக்க முடியுமா?

சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்த பழைய ஓவியமென்றால், முகப்பில் துணியைப் பசையால் ஒட்டி, வண்ண அடுக்கை மட்டும் உரித்தெடுக்கும் முறை உண்டு. மொசைக்கையும் துண்டு துண்டாக அறுத்து எடுத்து மறுபடி பதிக்கலாம். கான்கிரீட்டில் நேரடியாக அடித்த ஸ்ப்ரே பெயிண்டுக்கு இதெல்லாம் சரிவராது. அது துளைகளுக்குள் இறங்கிவிடும். சுவரையே அறுத்தெடுக்க வேண்டும். செலவு கடுமை, உள்ளே கம்பி வேறு.

மூடிய அரங்கத்தில் ஓவியத்தின் முதல் எதிரி தண்ணீர். கூரை வடிகால் அடைத்துக்கொள்ளும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஈரம் கான்கிரீட்டுக்குள் போகும். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே வரும், அதனால் உள்ளே இருக்கும் கம்பி பாதுகாப்பை இழந்து துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அதனால் மேற்பரப்பு வெடித்து, ஓவியத்தோடு சேர்ந்து பாளம் பாளமாக விழும். வெயில் தனியாகத் தன் வேலையைச் செய்யும். சிவப்பும் மஞ்சளும் பல நேரங்களில் முதலில் வெளுக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு நல்ல எண்ணத்தோடு பளபளப்பான வார்னிஷ் அடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அடிக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் வண்ணத்தையே தள்ளிக்கொண்டு வரும்.

கேள்வி: ஓவியத்தின் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். போனது போனதுதானா?

அவசியமில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் 1984 ஒலிம்பிக்குக்காக நெடுஞ்சாலைச் சுவர்களில் வரையப்பட்ட பெரிய ஓவியங்களின் மேல் கிறுக்கல்கள் பெருகிவிட்டதால், 2007-ல் சாலைத் துறை சாம்பல் பூசி மூடியது. சில ஆண்டுகள் கழித்து, சுவரோவியப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அந்தப் பூச்சை நீக்கி, அடியிலிருந்து ஓவியங்களை மீட்கத் தொடங்கியது. அசல் ஓவியத்தின் மேல் பாதுகாப்புப் பூச்சு இருந்ததா, பிறகு அடித்தது என்ன வகைப் பெயிண்ட் என்பதைப் பொறுத்தது. உங்கள் சுவரில் யாரும் அழுத்த நீர்க்குழாயைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் சிறு சோதனை செய்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

கேள்வி: மைதானத்தின் உரிமையாளர் அழிக்க நினைத்தால் ஓவியரால் தடுக்க முடியுமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்றும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்குகள் இருக்கின்றன. நியூயார்க்கில் 5பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் கிராஃபிட்டியை 2013-ல் உரிமையாளர் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்க 2018-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. அங்கே வரைவதற்கு உரிமையாளரின் அனுமதி இருந்தது என்பதைக் கவனியுங்கள். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அகற்றிச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. படைப்பாளியின் தார்மீக உரிமைக்குக் கிடைத்த பெரிய தீர்ப்பு அது.

சட்டம் வந்து சேர்வதற்குள் கலை போய்விடும் என்பதற்கும் சான்று உண்டு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்காக ஒரு நீண்ட தெரு முழுக்க ‘கோரிடார்ட்’ என்ற கண்காட்சியை அமைத்தார்கள். தொடக்க விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது, மேயர் ழான் ட்ரபோவின் உத்தரவில் இரவில் ஆட்கள் வந்து இடித்துத் தள்ளினார்கள். கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசம் வர 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கேள்வி: சர்வாதிகாரிகள் கட்டிய அரங்கங்களில் உள்ள சிலைகளையும் காப்பாற்ற வேண்டுமா?

பெர்லினுக்கு மேற்கே எல்ஸ்டாலில் 1936 ஒலிம்பிக் கிராமம் இருக்கிறது. அதன் ஹிண்டன்பர்க் மண்டபத்தில் அணிவகுத்துப் போகும் படைவீரர்களின் புடைப்புச் சிற்பம் உண்டு. விளையாட்டு வீரர்கள் தங்கும் இடத்தில் படைவீரர்கள்! நாஜிகளின் திட்டம் என்ன என்பதை அந்த ஒரு சுவரே சொல்லிவிடுகிறது. போருக்குப் பிறகு சோவியத் படைகள் 1990-களின் தொடக்கம் வரை அங்கே இருந்தன. அவர்கள் அதே கட்டடத்தில் லெனினை வரைந்து வைத்தார்கள். இரண்டும் ஒரே கூரையின் கீழ். இதை அழித்தால் யாருக்கு லாபம்? விளக்கக் குறிப்போடு வைத்திருக்க வேண்டும் என்பேன். குறிப்பில்லாமல் வைப்பதை ஏற்க மாட்டேன். அதைப் போற்றுகிறவர்கள் வந்து கூடுவதற்கே அது வழி செய்யும்.

கேள்வி: இடிக்கப் போகும் அரங்கத்தில் கலைஞர்கள் ஏதாவது செய்த நல்ல உதாரணம் உண்டா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. போலந்தின் தலைநகர் வார்சாவில், போரில் நொறுங்கிய நகரத்தின் இடிபாடுகளைக் குவித்தே 1955-ல் ‘பத்தாம் ஆண்டு அரங்கம்’ கட்டினார்கள். 1980-களில் அது பாழடைந்தது, 1989-க்குப் பிறகு மாபெரும் திறந்தவெளிச் சந்தையானது. வியட்நாமிலிருந்து வந்த வியாபாரிகள் அங்கே ஒரு தனி உலகத்தையே உருவாக்கினார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், யோவன்னா வார்ஷா என்ற கலை ஒருங்கிணைப்பாளர் 2006 முதல் அங்கே தொடர்ச்சியாக நிகழ்வுகளை நடத்தினார்.

அதில் ஒன்று, 2007-ல் மாசிமோ ஃபுர்லான் என்ற சுவிஸ் கலைஞர் செய்தது. 1982 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக போலந்தின் போனியெக் மூன்று கோல் அடித்த ஆட்டத்தை, பந்து இல்லாமல், எதிரணி இல்லாமல், தனி ஆளாக முழு நேரமும் ஓடி நிகழ்த்தினார். புல் முளைத்த படிகளில் உட்கார்ந்திருந்த மக்கள் வர்ணனையைக் கேட்டபடி, இல்லாத கோலுக்குக் கத்தினார்கள். ஓர் அரங்கத்துக்கு இதைவிட நல்ல வழியனுப்பு நான் கேள்விப்பட்டதில்லை. அரங்கம் 2008-ல் போனது, அந்த இடத்தில் தேசிய அரங்கம் வந்தது. 1955-ல் ஆடம் ரோமன் செய்த தொடர் ஓட்டக்காரர்களின் சிற்பத்தை மட்டும் காப்பாற்றினார்கள்.

வேல்ஸின் ஸ்வான்சி நகரில் 2005-ல் மூடிய வெட்ச் ஃபீல்டு கால்பந்து மைதானத்தின் நிலத்தில், ஓவன் கிரிஃபித்ஸ் என்ற கலைஞர் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டார். அதையும் பொதுக்கலை என்றே நான் எண்ணுகிறேன்.

கேள்வி: இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்ப் படம் எடுக்க ஆசை. என்ன கவனம் தேவை?

அனுமதி வாங்குங்கள், தனியாகப் போகாதீர்கள். பழைய கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைக்காதீர்கள். நீட்டிய கூரைக்குக் கீழே நிற்காதீர்கள். போர் நடந்த நாடென்றால் பாதையை விட்டு ஓர் அடிகூட விலக வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதி மைதானத்தை இந்த ஆண்டு மூடுகிறார்கள். உள்ளே பெரிய சுவரோவியம் இருக்கிறது. எங்களிடம் பணம் இல்லை. என்ன செய்வது?

பணம் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மேகமூட்டமான நாளில், சுவருக்கு நேராக நின்று, ஒரு படத்தின் பாதி அடுத்த படத்தில் வரும்படி வரிசையாக எடுங்கள். நூற்றுக்கணக்கில் எடுத்தாலும் தப்பில்லை. அதிலிருந்து அளவு மாறாத முழு உருவத்தைக் கணினியில் உருவாக்கலாம். நிறங்களைச் சரிபார்க்க, ஓரத்தில் வண்ண அட்டை ஒன்றை வைத்து எடுங்கள். சுவரின் நீளம், உயரம், விரிசல்கள், ஈரம் படர்ந்த இடங்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்த காலத்து மனிதர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து, இடிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் உரிமையாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். ‘காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. எந்தச் சுவர், எத்தனை மீட்டர், யார் பொறுப்பேற்பார்கள், எங்கே வைப்பது என்று குறிப்பாக எழுதுங்கள். பட்டியலில் அந்த ஓவியத்தின் பெயர் ஏறினால் பாதி வேலை முடிந்த மாதிரி. முழுச் சுவர் முடியாது என்றால், ஒரு பகுதியையாவது அறுத்தெடுத்துத் தரும் செலவை இடிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்க்கக் கேளுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு கேட்டால் அதே வேலைக்குத் தனி விலை சொல்வார்கள்.

வரைந்தவர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். எந்தப் பெயிண்ட், எத்தனை அடுக்கு, மேலே ஏதாவது பூசினாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சட்டப்படி மனு கொடுக்கும் உரிமையும் முதலில் அவருடையதுதான்.